தொண்டின் பெயரில் உழைப்பு: தென்காசி வட்டாரத்திலிருந்து காப்பகப் பணி பற்றி ஒரு விசாரணை

1. கேள்வி

தென்காசி வட்டாரத்துப் புளியங்குடியை வெளியூர்க்காரர்கள் எலுமிச்சை ஊர் என்றே அறிவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்த இந்த நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 66 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். எலுமிச்சை வணிகம் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கிறது. ஏழைப் பெண்களுக்கு வயல் கூலியும் பீடி சுற்றுவதுமே நெடுங்காலப் பிழைப்பு. ஆண்களில் பலர் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்னை, திருப்பூர் போன்ற நகரங்களுக்கும் வேலை தேடிப் போகிறவர்கள். பக்கத்திலுள்ள கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்கள் 1941இலேயே அங்கே தங்கள் ஊர்ப்பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். இந்த வட்டாரத்தின் இடப்பெயர்ச்சிக்கு அவ்வளவு வயது.

போனவர்கள் பணம் அனுப்பினார்கள். இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இருந்தவர்கள் என்றால் மனைவி, மகள், மருமகள். அந்த ஏற்பாடு இனி தாங்காது என்பதை எண்களே சொல்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, 2031இல் அது 18.2 ஆகும் என்பது கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் நம்முடையது. பிள்ளைகள் குறைவு, இருக்கும் பிள்ளைகளும் தொலைவில், பெற்றோரின் ஆயுளோ நீள்கிறது என்றாகும்போது யாரோ ஒருவர் கூலிக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஆள் வைக்க வசதியில்லாதவருக்கும், பார்க்க ஆளே இல்லாதவருக்கும் காப்பகம்தான் வழி.

இக்கட்டுரை அந்தக் காப்பகத்தில் வேலை பார்ப்பவரைப் பற்றியது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், மனநலக் காப்பகம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என இரவும் தங்கிப் பராமரிக்கும் எல்லா இடங்களையும் காப்பகம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறேன். நான் எழுப்பும் கேள்வி ஒன்றே: அங்கே வேலை செய்பவரைத் தொண்டர் என்று கொள்வதா, தொழிலாளி என்று கொள்வதா? இது மரியாதை பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அங்கே படுத்திருப்பவரின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பது இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

2. இதுவரையிலான புரிதல்கள்

காப்பகம் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி பிள்ளைகளைக் குற்றம் சாட்டுவது. பட்டிமன்றம் தொடங்கித் திரைப்படம் வரை முதியோர் இல்லம் என்றால் நன்றி கெட்ட மகனின் கதைதான். இந்தப் பேச்சில் இரண்டே பாத்திரங்கள்: கைவிட்டவர், கைவிடப்பட்டவர். மூன்றாவதாக ஒருவர் அந்த அறையில் இருக்கிறார். படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் அவரை இந்தப் பேச்சு கண்டுகொள்வதே இல்லை.

இரண்டாவது புரிதல் சமூகவியலிலிருந்து வருவது. எர்விங் காஃப்மன் வாஷிங்டனின் ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் தங்கிக் களஆய்வு செய்து, 1961இல் வெளியிட்ட ‘அசைலம்ஸ்’ நூலில் ‘முழுமை நிறுவனம்’ என்ற கருத்தை வகுத்தார். உண்பது, உறங்குவது, உழைப்பது எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின்கீழ் நடக்கும் இடத்தில் மனிதரின் தன்னடையாளம் எப்படிக் கரைகிறது என்று காட்டினார். காப்பகங்களைப் புரிந்துகொள்ள இது இன்றும் கூர்மையான கருவி. ஆனால் அவர் வரைந்த படத்தில் உள்ளிருப்போருக்கும் ஊழியருக்கும் இடையில் அழுத்தமான கோடு உண்டு. ஊழியர் ஷிப்ட் முடிந்ததும் வெளியுலகுக்குத் திரும்பிவிடுவார். நம் ஊர்ச் சிறு காப்பகங்களில் அந்தக் கோடு இல்லை. ஆயாம்மா அதே கூடத்தின் மூலையில் பாய் விரித்துப் படுக்கிறார், அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வீட்டுக்குப் போய் வருகிறார். பாதி அவரும் உள்ளிருப்பவர்தான்.

மூன்றாவது, பராமரிப்பைப் பொருளாதாரமாகப் பார்க்கும் புரிதல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை, உலகில் கூலிக்குப் பராமரிப்பு வேலை செய்வோர் 38.1 கோடிப் பேர், அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்று கணக்கிட்டது. கூலியில்லாப் பராமரிப்பின் அளவை நம் நாட்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு (2019) காட்டியது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட, ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் முன்வைத்த ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்தும் இங்கே பொருந்தும். முகத்தில் எரிச்சலைக் காட்டாமலிருப்பதும் வேலையின் ஒரு பகுதி; அதற்கும் களைப்பு உண்டு.

மூன்றாவது புரிதலே என் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அது பெரிய எண்களின் உயரத்தில் நின்றுவிடுகிறது. ஒரு கூடம், 25 கட்டில், ஓர் இரவு என்ற அளவுக்கு இறங்கினால்தான் சிக்கல் கண்ணுக்குத் தெரியும்.

3. ஓர் இரவின் கணக்கு

25 பேர் என்பது நானாகப் பொறுக்கிய எண் அல்ல. மத்திய அரசு மானியம் வழங்கும் முதியோர் இல்லத் திட்டங்களில் வழக்கமான ஓர் அலகு 25 பேர். தமிழக அரசு முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்க வகுத்த ஒருங்கிணைந்த வளாகங்களிலும் முதியோர் எண்ணிக்கை 25தான்.

அந்த 25 பேரில் 5 பேர் எழுந்திருக்க முடியாதவர்கள், இன்னும் 5 பேர் கைபிடித்தால்தான் கழிப்பறைக்குப் போகக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இது மிகைக் கணக்கு அல்ல. இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை, அதாவது 480 நிமிடம், என்னென்ன நடக்க வேண்டும்?

எழ முடியாதவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகெலும்பின் அடிமுனையிலும் குதிகாலிலும் இடுப்பெலும்பின் மேலும் தோல் சிவக்கும். சிவந்த இடம் விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. பிறகு தோல் விரியும், குழியும். படுக்கைப்புண் வருவது சில நாளில். ஆறுவது சில மாதத்தில். புரட்டுவது என்றால் வெறுமனே உருட்டிவிடுவது அல்ல. டயப்பரைப் பார்க்க வேண்டும், நனைந்திருந்தால் மாற்ற வேண்டும், துடைத்து ஈரம் போக்க வேண்டும், விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். கை பழகியவருக்கும் இதற்குப் பத்து நிமிடம் ஆகும். 5 பேருக்கு 4 தடவை என்றால் 20 தடவை, 200 நிமிடம். முறையாகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவராகத் தூக்கினால் அவருடைய இடுப்பு போகும், படுத்திருப்பவரின் தோல் விரிப்பில் உரசிக் கிழியும். ஆக 400 நிமிட உழைப்பு. கழிப்பறைக்கு 5 பேரை இரண்டு முறை அழைத்துப்போய் வரப் பத்துப் பத்து நிமிடம் வீதம் 100 நிமிடம். மொத்தம் 500.

கையிலிருப்பது 480 நிமிடம், தேவைப்படுவது 500 நிமிடம். இரவுக்கு ஒரே ஆள் என்றால் அவர் ஒரு நொடிகூட உட்காராவிட்டாலும் வேலை முடியாது. முடியாத வேலையில் ஏதோ ஒன்று விடுபட்டே தீரும். விடுபடுவது பெரும்பாலும் நள்ளிரவுப் புரட்டல்.

இதில் எதிர்பாராதது எதுவும் சேரவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாத்தாவுக்கு மூச்சிரைக்கிறது, 108ஐக் கூப்பிட்டாயிற்று, வண்டியும் வந்துவிட்டது. கூடவே ஒருவர் ஏற வேண்டும். ஏறினால் மற்ற 24 பேருக்குக் காவல் இல்லை. ஏறாவிட்டால் பேச்சு வராத கிழவரை மருத்துவமனையில் தனியே விட வேண்டும். ஒற்றை ஆளாக இரவுப் பணி பார்த்த எவருக்கும் இந்தத் தத்தளிப்பு புதிதல்ல. மறதிநோய் உள்ளவர் ஒருவர் நடுச்சாமத்தில் ஊருக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுவதும் அப்படித்தான். இந்தியாவின் நெடுங்கால முதுமை ஆய்வான லாசியின் தரவுகளைக் கொண்டு 2023இல் வெளியான மதிப்பீடு, இந்தியாவில் 60 கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கிறது என்றது. பொதுச் சமூகத்தில் அந்த அளவு என்றால் காப்பகக் கூடத்தில் அது அதிகமாகவே இருக்கும். அவரை அதட்டாமல் ‘விடியட்டும் ஆச்சி, முதல் பஸ்ஸுக்குப் போவோம்’ என்பதற்கும் ‘பேசாம படு’ என்பதற்கும் இடையிலான தூரம் ஊழியரின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. அவர் அன்றிரவு எத்தனையாவது மணிநேரத்தில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

இனி ஆள் கணக்கு. ஒரு வாரத்தில் 168 மணி. சட்டப்படி ஒருவரின் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி. எந்நேரமும் ஒருவர் இருக்க மூன்றரை ஆள் தேவை. எந்நேரமும் இருவர் இருக்க 7 பேர். விடுப்பு, நோய் எல்லாம் சேர்த்தால் 8 பேர். சமையல், துப்புரவு, கணக்கு வேலைகளுக்கான ஆட்கள் இதில் சேரவில்லை. ஜப்பானில் தீவிரப் பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான இல்லங்களில் மூன்று பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது குறைந்தபட்ச விதி. 25 பேருக்கு அது 8ஐத் தாண்டும். அங்கே இருப்போர் எல்லோரும் கடும் தேவையுள்ளவர்கள் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. எனினும் இரண்டு வேறு வழிகளில் போட்ட கணக்கு ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து சேர்வது கவனிக்கத்தக்கது.

4. டோனாவூர்: தொண்டின் உச்சம்

இந்தக் கணக்குக்கு வழக்கமாக வரும் பதில், ‘இதெல்லாம் மணிக்கணக்குப் பார்த்துச் செய்யும் வேலையா? மனசு வேண்டும்’ என்பது. அந்தப் பதிலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதற்கு நெல்லைச் சீமையிலேயே நூறாண்டுக்கும் மேலான சான்று இருக்கிறது.

அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த எமி கார்மைக்கேல், 1901இல் டோனாவூரில் தொடங்கிய குழந்தைகள் இல்லம் இவ்வட்டாரத்தின் மூத்த காப்பகங்களுள் ஒன்று. கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பெண் குழந்தைகள் முதலில் வந்தார்கள். 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். நற்செய்தி சொல்ல வந்தவர்கள் பால்புட்டி கழுவவும் மலம் துடைக்கவும் வேண்டியதாயிற்று. இது தம் தகுதிக்குரிய பணியா என்ற தயக்கம் அவர்களிடையே எழுந்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தயக்கத்தைக் கடந்துதான் அந்த இல்லம் நின்றது. பணி செய்த தமிழ்ப் பெண்கள் குழந்தைகளுக்கு அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. சாதி வேற்றுமை பாராட்டக் கூடாது, கீழான வேலை என்று எதுவும் இல்லை, சம்பளத்துக்காக அல்லாமல் அர்ப்பணிப்பாகவே இதை ஏற்க வேண்டும் என்பவை அவர் வற்புறுத்திய கொள்கைகள். மணம் புரியாமல் இப்பணிக்கே தம்மைக் கொடுத்த பெண்களுக்காக 1916இல் தனிச் சகோதரிகள் குழுவும் அமைந்தது. ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1951இல் அவர் அங்கேயே மறைந்தார்.

ஒரு விஷயத்தில் இந்த வரலாறு தொண்டு வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது: சாதியால் இழிவாகக் கருதப்பட்ட உடல்சார் வேலையைக் கௌரவமான பணியாக மாற்ற அர்ப்பணிப்பால் முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். அங்கே தன் வாழ்வைக் கொடுத்தவருக்கு வாழ்நாள் முழுவதும் வீடு இருந்தது, உணவு இருந்தது, நோயில் பார்க்க ஆள் இருந்தது. வந்தவர்களில் பலர் அந்த வளாகத்திலேயே முதுமை எய்தினார்கள். அர்ப்பணிப்பு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

இன்றைய காப்பக ஆயாம்மாவின் நிலை அதுவல்ல. அவர் துறவு பூண்டு வரவில்லை. கணவனை இழந்தோ, கணவன் குடியால் சீரழிந்தோ, மகள் படிப்புக்கு என்றோ வேலை கேட்டு வந்தவர். அவரிடம் கேட்கப்படுவது துறவியின் உழைப்பு. கொடுக்கப்படுவது தினக்கூலிக்காரரின் நிச்சயமின்மை. இடுப்பு முறிந்தால் அவரை அந்த இல்லமே வைத்துப் பார்க்கும் என்ற உறுதி கிடையாது. டோனாவூரை முன்னுதாரணம் காட்டுபவர்கள் அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

5. ஆய்க்குடி: பயிற்சி பெற்ற கை

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர். கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். தமக்கு மறுவாழ்வு சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் உடன் சேர்ந்தார். சில குழந்தைகளுடன் தொடங்கிய பள்ளி, விடுதியும் சிறப்புப் பள்ளியும் பயிற்சிக்கூடமும் மருத்துவ மறுவாழ்வு மையமும் கொண்ட பெரிய வளாகமாயிற்று. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் கேள்விக்கு இங்கே இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர்களே பிறர் கைகளால் தூக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, உடை மாற்றப்பட்டு அன்றாடம் வாழ்பவர்கள். தூக்குபவரின் கை சரியாக இருந்தால் எப்படி, தவறினால் எப்படி என்பதை நிர்வாகம் தன் உடம்பிலேயே அறியும். மேற்பார்வைப் படிவம் எதுவும் இதற்கு ஈடாகாது. இரண்டு, பராமரிப்பை ஒரு கைத்திறனாக அவர்கள் வகுத்த விதம். சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பி, அவர்கள் செய்வதை ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலி வழியாக இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் தொடர்ந்து கவனித்து வழிநடத்தும் முறை அங்கே உருவானது. பள்ளிப்படிப்போடு நின்ற ஒரு பெண் பயிற்சி, பதிவேடு, மேற்பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நிபுணரின் நீட்டிய கையாக முடியும் என்பதே இதன் பாடம்.

சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பின் அனுபவமும் இதை ஒட்டியது. நெடுநாள் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களைச் சிறு குழுக்களாகச் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைத்து, உடன் இருந்து உதவ உள்ளூர்ப் பெண்களை அமர்த்தும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை அது 2015இல் தொடங்கியது. பெரிய கூடத்தைச் சிறிய வீடாக்கியதும் ஊழியரின் வேலையே மாறுகிறது. கும்பலைக் கண்காணிப்பவராக இருந்தவர் இப்போது நான்கைந்து பேருடன் சேர்ந்து சமைக்கிறார், கடைக்குப் போகிறார்.

ஆய்க்குடியும் பேன்யனும் தொண்டு நிறுவனங்கள்தான். தொண்டு நோக்கமும் தொழில்முறைப் பணியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதற்கு இவையே சான்று.

6. ஏர்வாடி: கைகள் இல்லாத இடத்தில் சங்கிலி

இதன் எதிர்முனை ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடு அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, இதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது.

ஏர்வாடியை நாம் நினைவுகூர்வது சங்கிலியின் கொடூரத்துக்காக. அது சரியே. ஆனால் சங்கிலி ஏன் வந்தது? பலரை ஓரிருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் இரவில் ஊழியருக்குப் பதிலாக நின்றது அந்தச் சங்கிலி. தூங்க வேண்டிய ஊழியர் தூங்கவும் நோயாளி வெளியே போகாமலிருக்கவும் மிகச் சிக்கனமான உபாயம் அது. சங்கிலியைத் தடைசெய்த சட்டம் அந்த இடத்தை எத்தனை கைகள் நிரப்ப வேண்டும் என்பதை அதே உறுதியோடு நடைமுறைப்படுத்தாதவரை, சங்கிலியின் வேலையைப் பூட்டிய கதவும் தூக்க மாத்திரையும் செய்யும்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் பற்றிய புகார்கள் வெளிவந்து, நிர்வாகத்தினர் கைதாகி, விசாரணை சிபிசிஐடியிடம் போனபோது உரிமம் இருந்ததா, இல்லையா என்பது பொதுவெளியில் பெரிதும் பேசப்பட்டது. அங்கே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், என்ன பயிற்சியோடு, எத்தனை மணிநேரம் என்பது அந்த அளவுக்கு விவாதமாகவில்லை. ஊழியர் கணக்கைக் கேட்காத ஆய்வுக்கு உரிமம் என்பது சுவரில் மாட்டிய காகிதம் மட்டுமே.

7. சட்டம் எதைப் பார்க்கிறது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற அளவில், வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. கட்டாயம் இல்லை, அமைக்கலாம், அவ்வளவே. இல்லங்களின் தரத்தை வகுக்கும் பொறுப்பும் மாநில அரசிடம் விடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை விரிவாகப் பேசும் அந்தச் சட்டம், இல்லத்தில் பராமரிப்பவரின் வேலை நிலை பற்றிப் பேசுவதில்லை. பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம், பதிவு முதலியவற்றைச் சேர்க்க முயன்ற 2019 திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று.

தொழிலாளர் சட்டத்தின் கதை இன்னும் நுட்பமானது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ‘தொழில்’ என்பதற்கு விரிந்த பொருள் கொடுத்தது. தொண்டு நிறுவனம் என்பதாலேயே விலக்கு கிடையாது என்றது. ஒரு விதிவிலக்கை மட்டும் வைத்தது: கூலிக்காக அல்லாமல், குறிக்கோளில் கொண்ட ஈடுபாட்டால் இலவசமாகவோ சிறு மதிப்பூதியத்துக்கோ மனிதர்கள் உழைக்கும் இடங்கள். அதாவது, நிறுவனம் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பதை விட்டுவிட்டு, உழைப்பவர் ஏன் உழைக்கிறார் என்று அந்தத் தீர்ப்பு பார்த்தது. டோனாவூர் அக்காளுக்கும் இன்றைய ஆயாம்மாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அளவுகோலால் காண முடியும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு (2020) பார்வையைத் திருப்பிவிட்டது. முழுமையாகவோ பெருமளவிலோ தரும, சமூக, மனிதநேயச் சேவையில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது, வீட்டுவேலையையும் அப்படியே. இப்போது கேள்வி உழைப்பவரின் நிலை பற்றியதாக இல்லை, நிறுவனத்தின் பதிவு பற்றியதாகிவிட்டது. ஒரே வேலையைத் தனியார் மருத்துவமனையில் செய்பவருக்குத் திறந்திருக்கும் தொழில்தாவா வழி, அறக்கட்டளை இல்லத்தில் செய்பவருக்கு அடைபடுகிறது. குறைந்தபட்சக் கூலி, சமூகப் பாதுகாப்பு ஆகியவை வேறு சட்டத்தொகுப்புகளில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் திடீரென்று வேலையைவிட்டு நிறுத்தப்பட்டால் முறையிட இடமில்லாதவர் குறைந்தபட்சக் கூலியைத் துணிந்து கேட்கமாட்டார்.

8. பீடிச் சட்டமும் காப்பகமும்

புளியங்குடிப் பெண் ஒருத்திக்கு முன்னால் உள்ள தேர்வை நினைத்துப் பார்க்கலாம்: வீட்டில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது, அல்லது காப்பகத்தில் இரவுப் பணி. முன்னது நுரையீரலைக் கெடுக்கும், கூலியும் குறைவு. இருந்தும் சட்டம் அவளைக் கண்டிருக்கிறது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, முக்கூடலில் உள்ளது போன்ற பீடித் தொழிலாளர் மருத்துவமனை எல்லாம் அதன் வழியே கிடைத்தவை. வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்புநிதி பொருந்தும் என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜிஎஸ்டி வந்தபோது 2017இல் நலநிதிக்கான வரி ஒழிந்தது, பாதுகாப்பு மெலிந்தது. ஆனாலும் ‘வீட்டில் சும்மா இருந்து சுற்றுவதுதானே’ என்ற வாதத்தைச் சட்டம் ஒருகாலத்தில் நிராகரித்தது என்பது வரலாறு. தானாக நிராகரிக்கவில்லை, சங்கங்கள் நெடுங்காலம் போராடியதால்.

காப்பக ஊழியர் அதே இடத்தில்தான் இன்று நிற்கிறார். வீடு போன்ற இடம் என்பதால் அது பணியிடம் அல்ல, அன்பு கலந்தது என்பதால் அது உழைப்பு அல்ல என்று அவரிடமும் சொல்லப்படுகிறது. உடல்நலத்துக்குக் கேடான பொருளைச் செய்பவருக்கு அட்டை உண்டு; உடல்நலம் குன்றியவரைக் காப்பவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுவேலைத் தொழிலாளருக்கு நலவாரியம் அமைந்திருக்கிறது. காப்பக ஊழியருக்கென ஒரு வாரியம் அமைப்பதற்கு முன்மாதிரி கைவசம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

9. மறுப்புகள்

முதல் மறுப்பு: சட்டம் இறுகினால் சிறு இல்லங்கள் மூடப்படும், அங்கிருப்போர் பேருந்து நிலையத்துக்கு வருவார்கள். இது வலுவான மறுப்பு. ஏர்வாடிக்குப் பிறகு நடந்த மூடல்கள் எல்லோருக்கும் நல்ல மாற்றிடத்தைத் தந்துவிடவில்லை. எனவே ஆள் விகிதத்தைக் கட்டாயமாக்கும் அரசு அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். மானியத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதோடு நில்லாமல், இரவுப் பணியாளர் சம்பளத்தைத் தனி இனமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது: காப்பகமே வேண்டாம், வீட்டிலேயே பார்ப்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்தணிப்புப் பராமரிப்பும் கொண்டுபோகிறது. 2025 நவம்பரில் அன்புச்சோலை என்ற பகல்நேர மையங்களும் தொடங்கின. இவை வரவேற்கத்தக்கவை; காப்பகத்துக்குப் போக வேண்டிய நாளைத் தள்ளிப்போடும். ஆனால் இரவு வீட்டில் யாரும் இல்லாதவருக்குப் பகல்நேர மையம் பாதி விடைதான். மேலும் மக்களைத் தேடி மருத்துவத்தின் அடித்தளமாக நிற்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் சம்பளமின்றி ஊக்கத்தொகைக்கே உழைக்கிறார்கள். இடம் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

மூன்றாவது: சம்பளம் பேசினால் அன்பு போய்விடும். மேலே கண்ட இரவுக் கணக்கே இதற்குப் பதில். இருபதாவது மணிநேரத்தில் இருப்பவரிடம் அன்பு இல்லாமல் போவதில்லை; அதைக் காட்டத் தெம்பு இல்லாமல் போகிறது. பட்டினி கிடந்த தாயிடம் பால் எதிர்பார்ப்பது போன்றது அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது.

10. முடிவு

தொண்டா, தொழிலா என்ற கேள்வியையே தவறாக வைத்திருக்கிறோம். நடத்துபவருக்கு அது தொண்டாக இருக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அது தொழில். முதலாமவரின் தொண்டுணர்வைக் காட்டி இரண்டாமவரின் உரிமையைக் கழிக்க முடியாது. கழித்தால் அந்தக் கழிவு படுத்திருப்பவரின் முதுகில் புண்ணாக வந்து நிற்கும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு காப்பகமும் பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர் என்ற பணிப்பட்டியலை வாசலில் ஒட்ட வேண்டும். உரிமம் அதைப் பார்த்தே புதுப்பிக்கப்பட வேண்டும். எழ முடியாதவர் இருக்கும் இல்லத்தில் இரவில் இருவருக்குக் குறையக் கூடாது. காப்பக ஊழியர் நலவாரியம், அடையாள அட்டை, தூக்குதலும் படுக்கைப்புண் தடுப்பும் மறதிநோய் அணுகுமுறையும் அடங்கிய குறும்பயிற்சி ஆகியவை மாநில அரசின் கைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன.

வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு நிறைந்துவிடுகிறது. இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு நன்கொடை கேட்டால் கொடுப்பாரில்லை. அடுத்தமுறை போகும்போது, ‘ராத்திரி எத்தனை பேர் டூட்டி?’ என்று கேளுங்கள். ஒருவர்தான் என்றால், வடை பாயசத்துக்கு வைத்திருந்த பணத்தை இரண்டாமவரின் சம்பளத்துக்கென்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.